கரைக்காசியல்

பாயிரம்

கரைக்காசியல் என்பது, கடல் தன்னகத்து மூழ்கிய பழங்காசுகளைக் கரைமணலில் இடுமாறும், இட்டதை மறைக்குமாறும், மறைத்ததை மீண்டும் காட்டுமாறும், காட்டியதைக் கண்டெடுப்போர் இன்னின்னார் என்பதும் உணர்த்தும் நூற்றுறையாம். இத்துறைக்கு இதுகாறும் தமிழில் இலக்கணம் இல்லை. அக்குறை இன்றோடு நீங்கிற்று. மாணாக்க, கையிலுள்ள மண்வாரியைச் சுவரோரம் சாத்திவிட்டு அமர்க. வகைகளை அறியாது தோண்டுவோன் குழியைப் பெறுவான், காசைப் பெறான்.

எடுத்துக்காட்டு நிலமாக அமெரிக்க நாட்டுப் புளோரிடாவின் கிழக்குக் கரையில், செபாசுடியன் கழிமுகம் தொட்டுப் போர்ட் பியர்சு வரை கிடக்கும் மணற்பரப்பைக் கொண்டோம். அந்நாட்டார் அதனைப் புதையற்கரை என்றே வழங்குவர். பிற கரைகள் ஒழிந்து இதனையே கொண்டது என்னை எனின், பிற கரைகளில் பழங்காசு கிடைப்பது நிகழ்ச்சி. இக்கரையில் அஃது ஒழுக்கம் ஆகலின் என்க.

1. வரவு

காசு மணலில் தானே முளைக்காது. யாரேனும் ஒருவர் இழந்திருத்தல் வேண்டும். இழப்பு இருவகைப்படும்: சிற்றிழப்பு, பேரிழப்பு என.

சிற்றிழப்பாவது, குளிக்க வந்தோன் மடியிலிருந்து நழுவுவது. இது நாள்தோறும் நிகழ்வது; நூலுக்கு உரியதன்று.

பேரிழப்பாவது, 1715 சூலைத் திங்களில் நிகழ்ந்தது. சூலை 24 அன்று அவானாத் துறையினின்று இசுபானியக் கலங்கள் பதினொன்றும், அவற்றோடு கிரிபான் என்னும் பிரெஞ்சுக் கலம் ஒன்றும் புறப்பட்டன. உபில்யா, எச்சேவெர்சு என்போர் தலைவர். மெக்சிக்கோவின் வெள்ளியும், தென்னமெரிக்கப் பொன்னும், மணிலா வழியே வந்து சேர்ந்த சீனப் பீங்கானும் அவற்றுள் இருந்தன. இசுபானிய அரியணை உரிமைக்கான போர் நீண்டமையால் ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடந்த செல்வம் அது. இசுபானிய வேந்தர் ஐந்தாம் பிலிப்போ பொருளின்றித் தவித்துக்கொண்டிருந்தார். சூலை 30 இரவும் 31 விடியலும் கூடிய பொழுதில் சூறைப்புயல் வந்து பதினொன்றையும் கரையோரப் பார்களில் மோதி உடைத்தது. ஏறத்தாழ ஆயிரவர் மாண்டனர். உபில்யாவும் அவருள் ஒருவர். கிரிபான் மட்டும் பிழைத்து நாடு சேர்ந்தது. பிழைத்தமையால் அக்கலம் இந்நூலுக்கு எவ்வகையானும் பயன்படாது. அதனை இனிக் கூறோம்.

உடைந்த கலங்களின் பொருளை இசுபானியர் கரையிற் பாடியிறங்கி மூச்சடக்கி மூழ்குவாரைக் கொண்டு எடுத்தனர். எடுத்ததிற் சிறுபகுதியைச் சமைக்காவிலிருந்து வந்த என்றி சென்னிங்சு என்னும் கடற்கொள்ளைத் தலைவன் அப்பாடியிலேயே புகுந்து பறித்தான். ஆக, இன்று கரையில் தோன்றுவது வேந்தர்க்கும் கள்வர்க்கும் போக எஞ்சியது. மாணாக்கன் தனக்குரிய இடம் இவ்வரிசையில் மூன்றாவது என்பதை உணர்ந்து அடங்குக.

2. நிலமும் பொழுதும் உரிப்பொருளும்

கரைநிலம் ஐவகைப்படும்: நீரடி, நனைமணல், உலர்மணல், குன்றடி, குன்று என. அவற்றுள் நீரடி பிறர்க்கு உரியது. அதனை உரிமையுள் விரிப்பாம். குன்று கடற்புல் முளைத்த மணல்மேடு. அப்புல்லைப் பிடுங்குதலும் குன்றைக் கிளறுதலும் அந்நாட்டுச் சட்டத்தால் விலக்கப்பட்டன. குன்று சரிந்தால் பின்னுள்ள வீடும் சரியும் ஆகலின். எஞ்சிய மூன்றே நம் நிலம்.

பொழுது இருவகை. பெரும்பொழுதாவது சூறைப்புயல் எழும் சூன் முதல் நவம்பர் வரையும், அதனையொட்டி வாடை வீசும் கூதிரும் பனியும். இவற்றிடையே மார்ச்சு முதல் அக்டோபர் முடிய ஆமைகள் கரையேறி முட்டையிடும். அக்கரையின் ஒரு பகுதி ஆமைகளுக்கென்றே காக்கப்படுவது. முட்டைக்குழியைக் காசுக்குழியென மயங்கித் தோண்டுவோன் கரைக்காசியலார் அவையிலிருந்தும் அந்நாட்டு உரிமையினின்றும் ஒருங்கே நீக்கப்படுவான்.

சிறுபொழுதாவது வற்றத்திற்கு முன்னிரண்டு மணியும் பின்னிரண்டு மணியும். நெய்தற்குரிய சிறுபொழுது எற்பாடு என்பது தொல்லாசிரியர் துணிபு. கரைக்காசியலார் அதனைத் தள்ளி வைகறையைக் கொள்வர். என்னை? எற்பாட்டில் வருவோன் பிறர் தோண்டிய குழிகளை எண்ணலாம். வேறு செய்தற்கு ஒன்றுமில்லை. ஆயினும் நெய்தற்கு உரிப்பொருள் இரங்கல் என்று அவர் கூறியது இங்கும் முற்றும் பொருந்தும். காசு கிடையாதான் கிடையாமைக்கு இரங்குவான். ஒன்று கிடைத்தான் இரண்டாவது கிடையாமைக்கு இரங்குவான். இருவரும் ஒரே மணலில் ஒரே வகையில் நடப்பர். தொலைவிலிருந்து நோக்குவார்க்கு வேறுபாடு தோன்றாது.

3. அலை

இந்நூலின் உயிர்நிலை இவ்வுறுப்பு.

அலை இருவகைப்படும்: பறியலை, இடுவலை என.

பறியலையாவது, உயரம் மிகுந்து, ஓரலைக்கும் அடுத்த அலைக்கும் இடைப்பட்ட நொடி குறைந்து, ஒன்றன் முதுகில் ஒன்று ஏறி வருவது. முன்னலை ஏற்றிய நீர் மணலுள் வடியுமுன் பின்னலை வந்து நிறைத்தலின், நனைந்த மணல் பிடிப்பற்று, திரும்பும் நீரோடு கடலுள் இறங்கும். இறங்கிய மணல் சற்றுத் தொலைவில் நீரடித் திட்டாகக் கிடக்கும்.

இடுவலையாவது, தொலைவிற் பிறந்து, தாழ்ந்து, நொடியிடை நீண்டு, ஒழுங்குபட வருவது. அது திட்டிற் கிடந்த மணலைச் சிறிது சிறிதாகக் கரைக்கே மீட்டுத் தரும். கரையை அழகு செய்வது இதுவே. அலைச்சறுக்குப் பலகையர் இதன்பொருட்டு அலுவலுக்கு விடுப்பு எடுப்பர். காசு தேடுவோன் இதனைக் காணின் வீடு திரும்புக. நேற்று ஒரு முழம் ஆழத்திற் கிடந்த காசு இன்று ஓராள் ஆழத்திற் கிடக்கும்.

இவ்விரண்டனையும் கண்ணால் அளப்போர் உயரத்தை மட்டும் நோக்கி ஏமாறுவர். நொடியிடையையே முதற்கண் எண்ணுக. நொடியை அந்நொடியாலேயே பெருக்கி, வந்ததனை 1.56-ஆல் பெருக்க, ஆழ்கடலில் அவ்வலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 6 நொடிக்கு 56 மீட்டர். 12 நொடிக்கு 225 மீட்டர். இரண்டு மீட்டர் உயர்ந்த அலை 56 மீட்டர் நீளத்தில் வரின் அது செங்குத்தான அலை, மணலைப் பறிக்கும். அதே இரண்டு மீட்டர் 225 மீட்டர் நீளத்தில் விரிந்து வரின் அது சாய்ந்த அலை. பெரும்பாலும் மணலை இடும். உயரம் ஒன்றே, பயன் நேர்மாறு. செய்தியில் ‘பேரலை’ என்று கேட்டவுடன் வண்டியெடுத்துக்கொண்டு ஓடுவோரை இந்நூல் ‘செவியலையர்’ என்று வகுக்கும். அவர்க்கு வேறு இலக்கணம் வேண்டா.

அலை உடையுமாறு மூன்று: சரிந்துடைதல், கவிழ்ந்துடைதல், உடையாது ஏறுதல். இடிந்துடைதல் என நான்காவது ஒன்று உண்டென்பர் ஒருசாரார். அது பின்னிரண்டன் மயக்கமே ஆகலின் இங்கு எண்ணப்பட்டிலது. இம்மூன்றையும் பகுக்கும் எண் இரமோன் இரிபாரென் என்னும் பொறியாளர் பெயரால் வழங்கும். அலையுயரத்தை அலைநீளத்தால் வகுத்து, வந்ததன் இருமடி வேரைக் கண்டு, அதனால் கரைச்சரிவை வகுக்க அவ்வெண் வரும். 0.5-க்குக் கீழாயின் அலை சரிந்துடையும், 0.5 முதல் 3.3 வரை கவிழும். அதற்கு மேலாயின் உடையாது ஏறும். அவர் இசுபானியர். காசை இழந்தோரும் அந்நாட்டார், காசைப் புரட்டும் அலைக்கு எண் தந்தோரும் அந்நாட்டார் என்பது நோக்கத்தக்கது. அவர் கருதியதோ துறைமுகத்து அலைதடுப்புச் சுவர்களை.

இனிக் காற்று. வாடை, கொண்டல், தென்றல், கோடை என நம் முன்னோர் வகுத்த நான்கும் அக்கரைக்கும் பொருந்தும். என்னை? சோழநாட்டுக் கரைபோலவே அதுவும் கிழக்கு நோக்கியது ஆகலின். நாகையிலும் கடலூரிலும் உள்ள பரதவர் இப்பகுதியை உரையின்றியே உணர்வர். கோடை நிலத்தினின்று வீசி அலையை மட்டமாக்கும், கடல் குளம்போலாகும், அன்று காசில்லை. தென்றல் இனியது, பயனற்றது. கொண்டல் நடுத்தரம். வாடைக்கும் கொண்டலுக்கும் இடைப்பட்ட மூலையிலிருந்து வீசும் காற்றை ‘வாடைக்கொண்டல்’ என்க. அது கடலின்மீது நெடுந்தொலைவு தடையின்றி ஓடிவந்து, நொடியிடை குறைந்த செங்குத்தலையை எழுப்பும். மூன்று நாள் ஓயாது வீசி, அந்நாள்களில் காருவாவோ வெள்ளுவாவோ கூடி, ஓதமும் உயர்ந்து நிற்பின் அது தலைக்கூட்டம். வாடைக்கொண்டல் வீசி உவா கூடாதது இடைக்கூட்டம். உவா கூடிக் காற்று வீசாதது கடைக்கூட்டம். இதனை நம்பிச் செல்வோர் நிலவை நன்கு பார்த்து வருவர்.

தலைக்கூட்டத்திற்கு எடுத்துக்காட்டு 1984 நவம்பர்த் திங்கள் நன்றிநவிலல் நாளையொட்டி வந்த வாடைப்புயல். அக்கரையில் முதியோர் இன்றும் ஆண்டுகளை அதற்கு முன், அதற்குப் பின் என இரு கூறாகவே எண்ணுவர். 2004 செப்டம்பரில் பிரான்செசு, சீன் என்னும் இரு சூறைகளும் மூன்று கிழமை இடையிட்டு ஏறத்தாழ ஒரே இடத்தில் கரையேறின. 2022 நவம்பர் 10 அன்று நிக்கோல் என்னும் சூறை வீரோ கடற்கரைக்கு அருகே ஏறிற்று. சூறை வந்தாலே காசு வரும் என்பது பேதைமை. சில சூறை மணலைப் பறிக்கும். சில சூறை வேற்றிடத்து மணலைக் கொணர்ந்து குவித்துச் செல்லும். பின்னதனை ‘மூடுசூறை’ என்க. கூரையையும் இழந்து காசையும் பெறாதார் அதனை வேறு பெயர்களால் அழைப்பர்; அவை ஏட்டிலேற்றத் தக்கனவல்ல.

மணல் போகக் காசு மட்டும் ஏன் நிற்கும் எனின், எடையால். நீரின் எடையை ஒன்றெனக் கொள்ளின், மணல் 2.65, வெள்ளி 10.5; இசுபானியக் காசுப்பொன் 17-க்கு மேல். மணலைத் தூக்கும் விரைவு பொன்னைத் தூக்காது. அது மணல் நீங்க நீங்கக் கீழிறங்கி, இறங்க இடமின்றி ஓரிடத்து நிற்கும். மெல்லிய வெள்ளிச் சிறுகாசு இதற்குப் புறம்பு. தட்டையாகலின் அலை அதனை எற்றி மேட்டிலும் எறியும். ஆகவே பொன்னைப் பள்ளத்திலும் சிறுவெள்ளியை மேட்டிலும் தேடுக. இவ்வுறுப்பின் பிழிவு இது: காசைத் தேடற்க, மணல் நீங்கிய இடத்தைத் தேடுக.

4. வெட்டு

பறியலை கரையை அறுத்து நிறுத்தும் செங்குத்துச் சுவர் வெட்டு எனப்படும். கணுக்கால் வெட்டு, முழங்கால் வெட்டு, இடுப்பு வெட்டு, ஆள்மூழ்கு வெட்டு என உயரத்தால் நான்கு. இதனினும் சிறந்தது மணலின் பிறப்பால் வகுத்தல்.

அ. பழமணல் வெட்டு. பல்லாண்டு கிடந்த மணலை அலை அறுப்பது. சுவரில் கிளிஞ்சல் வரிகள் ஒன்றன்மேலொன்றாகத் தெரியும். மணவாளக்குறிச்சிப் பக்கத்தார் அறிந்த கருமணல் போன்றதொரு கரிய வரியும் அடியிற் காணப்படின், எடைமிக்க பொருள்கள் அங்கே ஒதுங்கின என்று கொள்க. இதுவே தலை.

ஆ. புதுமணல் வெட்டு. சென்ற கோடையில் இடுவலை இட்டதை இவ்வாண்டுக் கூதிரில் பறியலை எடுப்பது. கணக்கு நேராயிற்று என்பதன்றி வேறு பொருளில்லை.

இ. வந்தேறி வெட்டு. கரை அரிப்பைத் தடுக்க அரசு உள்நாட்டுக் குழிகளினின்று லாரி லாரியாகக் கொணர்ந்தும், கடலடியினின்று உறிஞ்சிக் குழாய்வழிப் பாய்ச்சியும் கொட்டிய மணலில் விழுவது. பார்வைக்கு ஆள்மூழ்கு வெட்டாயும் இருக்கும். மாணாக்கன் உள்ளம் துள்ளும். ஆயின் அம்மணல் 1715-இல் அங்கில்லை. சென்ற ஆண்டு வேறெங்கோ இருந்தது. உள்நாட்டு மணலாயின் கூர்முனை உடைய பரலும் ஒரே நிறமும் காட்டிக்கொடுக்கும். வந்தேறி மணலைப் பற்றிக் கரைக்காசியலார் கொண்ட சினம் பெரிது. வீட்டுக்காரர் கொண்ட மகிழ்ச்சியும் பெரிது. இரண்டும் ஒரே ஊராட்சிக் கூட்டத்தில் வெளிப்படும்.

வெட்டின் அடியில் சிப்பிப்பார் என்னும் ஒட்டிய கிளிஞ்சற்பாறையோ களியோ தோன்றின் அது முடிநிலம். காசு அதற்குக் கீழே செல்லாது. அதன் வெடிப்புகளை விரலால் துழாவுக.

5. காசு

இக்கரைக் காசு பெரும்பாலும் தறிகாசு. வெள்ளிப் பாளத்தைத் துண்டு துண்டாகத் தறித்து, எடை மிகின் ஓரம் நறுக்கி, அச்சின்மேல் வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பது. எடை பிழையாது; வடிவு வந்தபடி வரும். இசுபானியர் இதனை மக்குக்கினா என்பர். முதன்முதற் காண்போன் இதனைக் காசென்று கொள்ளான். கல்லென்று எறிந்தோர் பலர்.

வெள்ளிக்காசு ஐந்து: 8, 4, 2, 1, ½ இரெயால். பொற்காசு நான்கு: 8, 4, 2, 1 எசுக்குதோ. 8 இரெயாலும் 8 எசுக்குதோவும் எடையில் ஏறத்தாழ 27 கிராம். மதிப்பில் பின்னது முன்னதைப் போல் 16 மடங்கு. அதனால் பொற்காசு தேடுவோன் பதினாறு மடங்கு பொறுமை உடையனாதல் வேண்டும் என்பது இந்நூலார் கொள்கை.

அடித்த சாலையால் காசு வேறுபடும். M என்னும் எழுத்தின் தலையில் சிறு வட்டம் இருப்பின் மெக்சிக்கோ; L இலீமா; P பொத்தோசி; C குசுக்கோ. அருகில் J என நிற்பது மெக்சிக்கோச் சாலையில் மாற்றுரைத்தான் குறி. மெக்சிக்கோக் காசில் ஒருபுறம் கிடுகும் மறுபுறம் சிலுவையும் இருக்கும். இலீமாக் காசிலோ கடலலைமேல் இரு தூண்கள் நிற்கும். மூன்று நூற்றாண்டு அலையிற் கிடந்த காசில் அலையே பொறித்திருத்தலை மாணாக்கன் வியத்தல் வேண்டா. அச்சடித்தோர் முன்னறிந்து செய்ததன்று.

மெக்சிக்கோக் காசின் ஆண்டு நான்கு எண்ணாலும் அச்சில் உண்டு. ஆயின் துண்டு அச்சினும் சிறிதாயும் கோணலாயும் இருத்தலின் நான்கும் காசில் விழுதல் அரிது. நான்கும் விழுந்தது முழுவாண்டு. மூன்று விழுந்தது முக்காலாண்டு. ஒன்றோ இரண்டோ விழுந்தது கேள்வியாண்டு. ஒன்றும் விழாதது ஆண்டிலி. இவ்வரிசையிலேயே விலையும் இறங்கும்.

கடல் செய்த மாற்றத்தால் காசு மேலும் நால்வகைப்படும்.

பொன்மேனி: பொற்காசு மட்டுமே. கடல் அதனை ஒன்றும் செய்யாது. நேற்றுச் சாலையினின்று வந்தது போல் கிடக்கும், கண்டோன்தான் மாறுவான்.

கருமேனி: வெள்ளி கருங்களிம்பு பூத்து மணலும் சிப்பியும் ஒட்டிக் கிடப்பது.

தேய்மேனி: களிம்பு தின்று பாதி எடையாகி, ஓரம் தாளினும் மெலிந்தது. கரையிற் கிடைப்பவற்றுள் இதுவே மிகுதி. இதனை விரலால் தேய்த்துப் பளபளப்பாக்குவோன் எஞ்சிய பாதியையும் இழப்பான்.

பெயர்மேனி: வெள்ளி முற்றும் போய் அதன் வடிவு மட்டும் கருந்துகளாய் நின்று, எடுத்தவுடன் உதிர்வது. இதனைப் பெற்றோன் காசு பெற்றோனா அல்லனா என்பது இத்துறையில் இன்னும் முடியாத வழக்கு. பெற்றோனே என்பது எம் துணிபு; என்னை? அவன் இரங்கலில் குறைவில்லை ஆகலின்.

இவையன்றி வேந்தர்காசு என ஒன்று உண்டு. துண்டைக் கைபோன போக்கில் விடாது வட்டமாகச் செதுக்கி, அச்சு முழுதும் விழுமாறு காட்சிக்கென அடித்தது. 2015-இல், கலமுடைந்து முந்நூறு ஆண்டு நிரம்பிய அதே சூலையில், உரிமம் பெற்ற மூழ்குநர் நீருள்ளிருந்து 350-க்கு மேற்பட்ட பொற்காசுகளை எடுத்தனர்; 45 நூறாயிரம் டாலர் பெறும் என்றனர்; அவற்றுள் ஒன்பது வேந்தர்காசு. கரையில் நடப்போனுக்கு இஃது ஏன் கூறப்பட்டது எனின், உரிப்பொருள் நிறைதற்பொருட்டு.

போலிக்காசு இருவகை. அமெரிக்கச் சிறுகாசு ஒன்று. 1982-இல் அதன் செம்பு நீக்கப்பட்டு, துத்தநாகத்தின்மேல் செம்பு பூசப்பட்டது; கடல்நீர் அதனைச் சில திங்களிலேயே அரித்து, முந்நூறு ஆண்டுத் தேய்மேனிபோல் ஆக்கிவிடும். மற்றொன்று குளிர்குடிப்புத் தகரக்குவளையின் இழுவளையம். பொன்மோதிரம் எழுப்பும் அதே ஒலியைக் கருவியில் எழுப்பும். இவ்வளையத்தை ஒவ்வொருவனும் ஒவ்வொரு முறையும் தோண்டியே தீர்வான்.

6. கருவி

கடைவீதியில் மெட்டல் டிடெக்டர் என வழங்குவதை இந்நூல் ‘மாழைமோப்பன்’ என்னும், மாழையாவது உலோகம். ஒருவகை மோப்பன் இரும்பையும் வெள்ளியையும் பகுத்து ஒலிக்கும்; ஆயின் உப்புநீர் தானே மின் கடத்துதலின் நனைமணலில் பித்தேறிக் கூவும். துடிப்புமோப்பன் என்னும் மற்றொருவகை உப்புக்கு அஞ்சாது, ஆழமும் காணும். ஆயின் எதனையும் பகுக்காது, ஆணிக்கும் எசுக்குதோவுக்கும் ஒரே குரல். முன்னது அறிவுடைய அச்சத்தான். பின்னது அச்சமற்ற அறிவிலி. மண்வாரியும் சல்லடையும் யாவரும் அறிந்தன. தோண்டுதல் எல்லார்க்கும் தானே வருவதாகலின் அதற்கு இலக்கணம் கூறிற்றிலம்.

7. தேடுவோர்

தேடுவோர்க்கு முதலாசிரியர் கிப் வாக்னர். செபாசுடியன் ஊரில் வீடு கட்டித் தரும் தொழிலர். இரண்டாம் உலகப்போருக்குப்பின் மலிந்து விற்ற கண்ணிவெடி தேடும் பழங்கருவி ஒன்றை வாங்கிக் கரையில் நடந்தார். கிடைத்த காசுகளில் 1715-க்குப் பிற்பட்ட ஆண்டு ஒன்றுகூட இல்லை என்பதை நோக்கினார். பிறரெல்லாம் காசை எடுத்துப் பையிலிட, அவர் ஆண்டை எடுத்து உள்ளத்திலிட்டார். பின் காற்றடைத்த வண்டிக்குழாயில் மிதந்து முகத்தை நீருள் வைத்துத் துழாவிப் பீரங்கிகளைக் கண்டார். அவர் தோழரோடு அமைத்த குழு எடுத்தவற்றை 1965 சனவரியில் நேசனல் சியாகிரபிக் இதழ் வெளியிட, அக்கரையில் நடப்போர் தொகை பெருகிற்று. இந்நூல் எழுதப்படும் தேவையும் அதனால் எழுந்ததே.

இன்று நடப்போரை நடையால் பகுத்தல் ஒருமுறை: நெடுக நடப்போன், குறுக்கே நடப்போன், வட்டமிடுவோன், நின்றோன். நின்றோன்பால் கருத்து வைக்க. ஒன்று அவன் கண்டெடுத்தான். அன்றேல் கருவியின் மின்கலம் தீர்ந்தது.

விடையால் பகுத்தல் இதனினும் நுண்ணிது. எதிர்ப்பட்டோனை “ஏதும் கிடைத்ததா?” என வினவுக. அவன் தரும் விடை நான்கனுள் அடங்கும்.

முதல் விடை: “ஒன்றுமில்லை.” இது மெய்விடை. கூறுவோன் மண்வாரியை ஊன்றி, நின்று, வெயிலைப் பற்றியும் கூறுவான்.

இரண்டாம் விடை: “ஒன்றுமில்லை.” எழுத்தால் முன்னதனோடு ஒன்று, பொருளால் மாறு. கூறுவோன் நில்லான், ஒருகை பையின்மேல் இருக்கும், தோண்டிய குழியை மூடிவிட்டே வந்திருப்பான். மெய்விடையோன் குழியை மூடுதல் அரிது. ஆகவே விடையை ஐயுறின் அவன் வந்த வழியை நோக்குக; குழியில்லா வழியே செல்வ வழி.

மூன்றாம் விடை: “நேற்று வந்திருக்க வேண்டும்.” இவன் நேற்று வந்தானா என்று வினவற்க. நேற்று வந்தோன் இன்று வாரான்.

நான்காம் விடை: “எண்பத்து நான்கில் பார்த்திருக்க வேண்டும்.” இவன் முதியோன். இவனுக்கு அமர இடம் தருக. இவன் சுட்டும் இடம் நாற்பது ஆண்டில் கடலுள் போயிருக்கும். ஆயினும் கைநீட்டிக் காட்டும் முறைமை துல்லியமானது.

தேடுவோர் காட்டும் படங்களையும் கூறும் ஊர்ப்பெயர்களையும் நம்புவதற்கு நெறி உண்டு. காசு கண்டோன் ‘வபாசோக் கரையில் எடுத்தேன்’ எனின், வபாசோவை விட்டு மற்றெல்லாக் கரையும் தேடுக.

8. உரிமை

கரையில் நடப்போன் பொதுக்கரையின் உலர்மணலிலும் நனைமணலிலும் எடுத்தது பெரும்பாலும் அவனுக்கே. அரசுப் பூங்காக்களின் கரை வேறு. அங்கு ஒவ்வொன்றன் விலக்கையும் முதலில் படித்து அறிக. வற்றக் கோட்டிற்கு அப்பால் காலெடுத்து வைத்தால் இலக்கணம் மாறும். அங்கே கலங்கள் வழக்குமன்றக் காப்பில் உள்ளன. உரிமம் பெற்ற குழுமமே எடுக்கலாம். எடுத்ததில் 20 விழுக்காடு வரை அருங்காட்சியகத்திற்கென மாநில அரசு கொள்ளலாம். ஆகவே ஒரே காசு, அலை ஏறும்போது ஒருவனுக்கும் இறங்கும்போது மற்றொருவனுக்கும் உரியதாம். அலையின் நடுவில் உருளுங்கால் அஃது யாருடையது என்ற வினா அறிஞரிடை உண்டு. யாமறிந்தவரை, அந்நிலையில் காசைக் கண்டோர் எவரும் வழக்குரைஞரைத் தேடிச் சென்றிலர், குனிந்தனர்.

9. புறனடை

மேற்கூறிய வகைகளுள் அடங்காதன மணலினின்று வெளிப்படின், அவற்றை இவ்வாறு கொள்க. பச்சைக் களிம்பேறிய கலத்தாணி ‘காசுக்கு உறவு’ எனப்பட்டு, எடுத்த இடம் குறிக்கப்படும். ஆணி கிடந்த இடத்தில் கலம் கிடந்தது ஆகலின். பீங்கான் ஓடு காசினும் நுண்ணிய சான்று, எறியற்க. மீன்வலை ஈயக்குண்டு எடையால் ஏமாற்றும்; தனிப்பையில் இடுக. பிறன் திருமண மோதிரம் காசாகாது. உள்ளே பெயர் பொறித்திருப்பின் உரியோனைத் தேடிக் கொடுக்க. இழுவளையம், குப்பிமூடி, துருவாணி முதலியன குப்பைக்கூடை அருகில் உள்ளபோதும் பலர் திரும்பக் குழியிலேயே இடுவர். அவற்றை அடுத்த மாணாக்கன் மீண்டும் தோண்டுவான் ஆகலின், அங்ஙனம் இடுவோன் கரைக்காசியல் பயிலத் தகான்.